மூத்தோரும் மாணவரும் ஒரே வகுப்பில்: கேள்வி பதில்

மாணவர்களை மாதம் ஒருமுறை முதியோர் இல்லத்துக்கு அழைத்துச் சென்று கலைநிகழ்ச்சி நடத்துகிறோம். இது போதுமா? (கல்லூரி ஆசிரியை)

போதாது அம்மா. ஒரு தரப்பு ஆடிப் பாட, மறுதரப்பு கைதட்டுகிறது. யாரும் யாரையும் அறிந்துகொள்வதில்லை. இரு குழுக்களிடையே தப்பெண்ணம் குறைய வெறும் சந்திப்பு உதவாது என்று உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954இலேயே எழுதினார். சம நிலை, பொது இலக்கு, ஒத்துழைப்பு, நிறுவனத்தின் ஆதரவு ஆகிய நான்கும் வேண்டும் என்றார். உங்கள் நிகழ்ச்சியில் முதலில் விடுபடுவது சம நிலைதான்.

ஒரு மாணவருக்கு ஒரு மூத்தவர் என்று இணை சேர்த்து, பருவம் முழுவதும் அந்த இணையை மாற்றாதீர்கள். கையில் ஒரு வேலையும் கொடுங்கள். மூத்தவர் வாழ்ந்து கடந்த ஒரு வரலாற்று நிகழ்வை மாணவர் பாடநூலில் படித்துவிட்டு வரட்டும். நூல் சொல்வதும் நினைவு சொல்வதும் எங்கே முரண்படுகின்றன என்று இருவரும் சேர்ந்து எழுதட்டும். அந்த முரண்பாட்டில்தான் இருவருக்கும் பாடம் இருக்கிறது.

எனக்குக் கற்றுக்கொடுக்க ஆசை. பிள்ளைகள் கைப்பேசியிலிருந்து தலை நிமிர்த்துவதில்லையே? (ஓய்வுபெற்ற பொறியாளர்)

ஐயா, முதல் நாள் நீங்கள் அவர்களிடம் ஏதாவது கற்றுக்கொள்ளுங்கள். அந்தக் கைப்பேசியிலேயே தொடங்கலாம். தன்னிடமும் கொடுக்க ஒன்று இருக்கிறது என்று உணர்ந்த பிள்ளை, அதன்பின் உங்களிடம் கேட்கத் தயங்காது.

மூத்தவர்களுக்கு உண்மையில் என்ன பயன்? (முதுகலை மாணவி)

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 'எக்ஸ்பீரியன்ஸ் கோர்' திட்டத்தில் 60 வயதைக் கடந்தவர்கள் வாரம் 15 மணி நேரம் தொடக்கப் பள்ளிகளில் குழந்தைகளின் வாசிப்புக்கு உதவினார்கள். இரண்டு ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில், பங்கேற்காத ஆண்களுக்கு மூளையில் நினைவாற்றலுக்குரிய ஹிப்போகேம்பஸ் பகுதி சுருங்கியபோது, பங்கேற்ற ஆண்களுக்கு அது சற்றே பெரிதாகியிருந்தது. பெண்களிடம் பலன் மிதமாகவே தெரிந்தது. வாரத்துக்கு 15 மணி நேரம் என்பதைக் கவனியுங்கள். எப்போதோ ஒருநாள் போய்வந்தால் இந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது.

மறதிநோய் உள்ளவர்களைச் சேர்க்கலாமா? (பராமரிப்பாளர்)

சேர்க்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் நரம்பியல் மருத்துவர் பீட்டர் வைட்ஹவுஸும் அவர் மனைவி கேத்தரினும் தொடங்கிய தலைமுறைகளிடைப் பள்ளியில், நினைவு மங்கியவர்களும் குழந்தைகளோடு அமர்ந்து புத்தகம் வாசித்தார்கள். குழந்தைக்குத் தேவை பொறுமையாகக் கேட்கும் ஒருவர். அதற்கு நேற்று நடந்தது நினைவில் இருக்க வேண்டியதில்லை. பெயரை மறந்தால் வருந்தாமல் மீண்டும் சொல்லும்படி மாணவர்களுக்கு முன்கூட்டியே பயிற்சி கொடுங்கள். உடன் ஒரு பராமரிப்பாளர் இருக்கட்டும்.

சேர்ந்து வசிப்பது சாத்தியமா? (மாணவர்)

நெதர்லாந்தின் டெவென்டர் நகரில் ஹியூமனிடாஸ் முதியோர் இல்லம் மாணவர்களுக்கு வாடகையின்றி அறை கொடுக்கிறது. மாதம் 30 மணி நேரம் நல்ல அண்டைவீட்டாராக இருப்பதே நிபந்தனை.

அடுத்த பருவத்தில் தொடங்கப்போகிறோம். எதை மறக்கக் கூடாது? (பள்ளி முதல்வர்)

இரைச்சலில்லாத அறையைத் தேர்ந்தெடுங்கள்; காது மந்தமானவர்கள் கூட்டப் பேச்சில் சீக்கிரம் ஒதுங்கிவிடுவார்கள். பெரிய எழுத்தில் அச்சிட்ட தாள்கள் வேண்டும். போக்குவரத்துக்கு முன்பே வழி செய்யுங்கள். பருவம் முடிந்ததும் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள்: கடைசிச் சந்திப்பு எப்போது என்பதை முதல் நாளே இரு தரப்புக்கும் சொல்லிவிடுங்கள்.