கட்டினால் பின்னால் இழுத்துக் கயிற்றை அறுக்கும் குதிரையை எப்படிப் பழக்குவது?

உங்கள் குதிரையும் கைமாறி வந்ததாகத்தான் இருக்கும். குட்டியிலிருந்து நீங்களே பழக்கி வளர்த்திருந்தால் இந்தக் கேள்வி பெரும்பாலும் வந்திருக்காது. அதை முரட்டுக் குதிரை என்று நினைக்காதீர்கள், அது பயந்து போயிருக்கிறது.

என்னிடம் வந்த பெண்குதிரையும் அப்படித்தான். விற்றவர் காட்டிய நேரம் முழுக்கக் கயிற்றைக் கையிலேயே பிடித்திருந்தார். ஏன் என்று இங்கே கொண்டுவந்து கட்டிய பிறகுதான் தெரிந்தது. பக்கத்தில் வாளி ஒன்று சாய்ந்தது, அவ்வளவுதான். பின்னங்காலில் உட்கார்ந்து இழுத்து, முகப்பட்டை அறுந்து மல்லாக்க விழுந்தது. வாங்கும்போது பல்லைப் பார்க்கிறோம், குளம்பைப் பார்க்கிறோம். கட்டினால் நிற்குமா என்பதை விற்பவர்கள் வாய்திறந்து சொல்வதே இல்லை. இந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

"தடித்த கயிற்றில் பெரிய மரத்தோடு கட்டிவிடு, இழுத்து ஓய்ந்து தானே அடங்கும்" என்று அனுபவசாலிகள் பலர் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. காதுக்குப் பின்னால் பட்டை அழுத்தினால் எதிர்த்துத் தள்ளுவது குதிரையின் இயல்பு. நானூறு கிலோ உடம்பு அப்படித் தொங்கினால் கழுத்து என்ன ஆகும்? கயிறு அறுந்தாலோ, இழுத்தால் விடுதலை என்று கற்றுக்கொள்ளும்.

முதலில் எங்கும் கட்டாமல், கயிற்றை மெல்லக் கீழ்நோக்கி இழுத்துப் பிடிப்பேன். தலையைக் கொஞ்சம் தாழ்த்தினாலும் அந்த நொடியே விட்டுவிடுவேன். இழுப்பதைவிட விடும் நேரம்தான் முக்கியம். அப்புறம் இடம், வலம், முன்பக்கம் என்று அதே பாடம். அது பிடிபட்ட பிறகு நீளக் கயிற்றைக் கம்பத்தில் முடிச்சில்லாமல் சுற்றி, நுனியைக் கையில் வைத்துக்கொண்டேன். பின்வாங்கினால் கயிறு உரசிக்கொண்டே நழுவும், வெடுக்கென்று நிற்காது. பக்கவாட்டில் நின்று ஓரடி முன்னால் நகர்த்துவேன். முன்னால் வந்ததும் அழுத்தம் போய்விடும். இதற்கே பல வாரம் ஆயிற்று. அவசரப்பட்டால் நடக்காது.

நிஜமாகக் கட்டும்போது அதன் தோள் உயரத்துக்குக் குறையாமல் கட்டுங்கள், கயிறு ஒரு கை நீளம் போதும். நீளமாக விட்டால் கால் மாட்டும். கடிவாளத்தில் கட்டவே கூடாது, வாய் கிழியும். ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு போடுங்கள், கம்பத்து வளையத்துக்கும் கயிற்றுக்கும் நடுவில் மெல்லிய சணல் கட்டுங்கள், பலமாக இழுத்தால் அது முதலில் அறுந்துவிடும். சணல் அறுந்தால் பழைய குணம் திரும்பாதா என்று சிலர் கேட்பீர்கள். திரும்பலாம், அதனால்தான் சுற்றிய கயிற்றில் முதலில் பழக்கச் சொல்கிறேன். சணல் ஆபத்துக்கு மட்டும்.

நன்றாக நின்ற குதிரை திடீரென்று இழுக்க ஆரம்பித்தால் கால்நடை மருத்துவரிடம் பல்லையும் கழுத்தையும் காட்டுங்கள். அது திமிறும்போது முன்னால் போய் நிற்காதீர்கள், முடிச்சுக்குள் விரலை விடாதீர்கள். அதில் விரல் போனவர்கள் உண்டு.