குட்டி ஐலெட்: சுத்தியலுக்கு முன்னால் ஓட்டையைக் கவனியுங்கள்

பொம்மை உடையிலும் காலணியிலும் ஐலெட், அதாவது நாடா கோக்கும் ஓட்டைக்கான உலோக வளையம், பதிப்பது பற்றி சிங்கப்பூர் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகள் பெரும்பாலும் அடிப்பதைப் பற்றியவை. ஆனால் வீணாகும் ஐலெட்டுகளில் பல, சுத்தியலைக் கையில் எடுக்கும் முன்பே வீணானவை. ஒன்று ஓட்டை பெரிதாகியிருக்கும், இல்லையென்றால் ஐலெட்டில் ஓட்டைக்குள் நுழையும் பகுதியான குழல் நீளமாக இருக்கும்.

1.5 மி.மீ ஐலெட்டை அடித்தால் பின்பக்கம் பூ இதழ் மாதிரிப் பிளந்துவிடுகிறது. சுத்தியலை மாற்றவா? (செங்காங்)

சுத்தியல் இருக்கட்டும், குழலைப் பாருங்கள். ஓட்டையில் நுழைத்த பிறகு பின்பக்கம் அரை மி.மீ முதல் முக்கால் மி.மீ வரை நீட்டிக்கொண்டிருந்தால் சரி. அதற்கு மேல் நீண்டால் உருண்டு மடியாமல் பிளக்கும். குறைந்தால் பிடிமானம் இருக்காது, நாடாவை இரண்டு முறை இழுத்ததும் கையோடு வந்துவிடும். மெல்லிய பருத்தித் துணி இரண்டு மடிப்புச் சேர்ந்தாலும் அரை மி.மீ கனம் வருவது கடினம். அதனால் பின்பக்கம் அரை மி.மீ தோலில் சின்ன வளையம் வெட்டிப் போடுங்கள். மிஞ்சிய நீளத்தை அது வாங்கிக்கொள்ளும்.

செட்டரின், அதாவது சுத்தியலால் தட்டிக் குழலை மடிக்கும் கம்பியின், கூம்பு முனை குழலுக்குள் தாராளமாக இறங்க வேண்டும். திணித்து இறக்கினால் அந்த இடத்திலேயே விரிசல் தொடங்கிவிடும். செட்டரை நேராக நிறுத்தி மூன்று நான்கு மெல்லிய தட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் செட்டரைக் கால் சுற்றுத் திருப்புங்கள். ஒரே அடியில் முடிக்கப் பார்த்தால் ஒரு பக்கம் மட்டும் மடியும். இத்தனையும் செய்து இன்னும் பிளந்தால் காந்தம் வைத்துப் பாருங்கள். பலமாக ஒட்டினால் அது இரும்பு. பித்தளை மென்மையானது, இந்த அளவுக்கு அதுதான் ஏற்றது.

அடித்து முடித்ததும் பழைய நைலான் காலுறையை ஐலெட்டின் மேல் இழுத்துப் பாருங்கள். இழை மாட்டினால் பொம்மையின் முடியும் மாட்டும்.

எந்தப் பொம்மைக்கு எந்த அளவு? (தெம்பனிஸ்)

பார்பி, பிளைத் போன்ற 29 செ.மீ வகைக்கு உள்விட்டம் 1.5 மி.மீ. 40–45 செ.மீ மூட்டுப் பொம்மைக்கு 2 மி.மீ, 60 செ.மீக்கு 2.5 முதல் 3. பாக்கெட்டில் போட்டிருப்பது உள்விட்டமா, விளிம்பின் விட்டமா என்று கேட்டு வாங்குங்கள். உள்விட்டம் 1.5 என்றால் விளிம்பு ஏறக்குறைய 3 மி.மீ வரும், கண்ணில் படுவதும் அதுதான். ஆகவே ஓட்டையின் மையம் துணி ஓரத்திலிருந்து 3 மி.மீ தள்ளியும், இரண்டு மையங்களுக்கு இடையே 5 மி.மீயும் இருக்கட்டும்.

தீபாவளிக்குப் பொம்மைக்குப் பட்டு ரவிக்கை தைத்தேன், முதுகில் நாடா வைத்து. ஐலெட்டைச் சுற்றி இழை பிரிந்து உலோகமே கழன்று விழுகிறது. (ஈசூன்)

ஓட்டையைக் கத்தரியால் வெட்டியிருப்பீர்கள். நெய்த துணியில் இழையை அறுக்கக் கூடாது, விலக்க வேண்டும். ஓரத்தை மடித்து உள்ளே இஸ்திரியில் ஒட்டும் கேன்வாஸ் வையுங்கள். குறியிட்ட இடத்தில் துணிப்பசை ஒரு பொட்டு வைத்து முழுதும் காயவிடுங்கள். பிறகு குத்தூசியைச் சுழற்றியபடி இறக்கி, குழல் இறுக்கமாக நுழையும் அளவு வந்ததும் நிறுத்துங்கள். ஊசியை எடுத்த கையோடு ஐலெட்டை நுழைத்துவிட வேண்டும், தாமதித்தால் ஓட்டை சுருங்கிவிடும்.

மிக மெல்லிய பட்டுக்கு உலோகமே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. ஒற்றை இழைப் பட்டு நூலில் வட்டமாகக் காஜா போட்டால் அழகாகவும் இருக்கும், துணியும் கிழியாது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை விளையாடும் பொம்மைக்கு எந்தத் துணியானாலும் காஜாதான். கழன்ற ஐலெட் வாய்க்குள் போய்விடும்.

காலணியில் ஐலெட்டை எப்போது அடிப்பது? (ஜூரோங் வெஸ்ட்)

அடிப்பாகம் ஒட்டுவதற்கு முன்னால், மேல்தோல் தட்டையாக இருக்கும்போதே. வடிவம் வந்துவிட்டால் ஐலெட்டுக்கு அடியில் வைத்து அடிக்கும் அடிக்கட்டை உள்ளே நுழையாது. மேல்தோல் 0.6 முதல் 0.8 மி.மீ கனம் போதும். உள்துணியை முதலில் ஒட்டிக் காயவைத்து, இரண்டையும் சேர்த்து ஓட்டை போடும் பஞ்ச் கருவியால் வெட்டுங்கள். துணியைப் போல் தோலைக் குத்தி விரிக்கக் கூடாது, குழலின் வெளிவிட்டத்துக்குச் சரியாக வெட்ட வேண்டும். குறியிட ஓர் அட்டை போதும். மறு காலுக்கு அந்த அட்டையைத் திருப்பிப் போட மறந்தால் இரண்டும் ஒரே கால் செருப்பாகிவிடும். அவசரத்தில் அடிக்கடி நடப்பது இது. பியூ (பாலியூரித்தேன்) செயற்கைத் தோலை நாங்கள் சொல்லமாட்டோம், நம் ஊர் ஈரக்காற்றில் அது சில ஆண்டுகளில் உரியத் தொடங்கிவிடும்.

ஐலெட் பட்ட இடத்தில் பொம்மையின் உடம்பில் பச்சைக் கறை. தேய்த்தும் போகவில்லை. (அங் மோ கியோ)

மேலே தேய்த்துப் போகாது, கறை வினைலுக்குள் இறங்கிவிட்டது. பித்தளையில் உள்ள செம்பு, வினைலை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெயோடும் காற்றின் ஈரத்தோடும் சேர்ந்து பச்சையாகிறது. பழைய பார்பிகளின் காதில் தோட்டைச் சுற்றித் தெரியும் பச்சையும் இதே வகைதான். இங்கே ஆண்டு முழுக்க ஈரக்காற்று, ஆகவே முன்னெச்சரிக்கைதான் வழி. ஐலெட்டின் பின்பக்கம் உடம்பில் படாதபடி பருத்தி உள்துணியைத் தனியாகத் தையுங்கள். நிக்கல் பூச்சை மட்டும் நம்ப வேண்டாம். அடிக்கும்போது மடியும் இடத்தில்தான் பூச்சு முதலில் விரிசல் விடும், உடம்பில் படுவதும் அந்தப் பக்கம்தான். அங்கே நிறமற்ற நகப்பூச்சை மெல்லியதாகத் தடவுங்கள். அலமாரியில் வைக்கும்போது உடையைக் கழற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு தனிப் பையில் போடுங்கள்.

வீவக அடுக்குமாடி வீடு. இரவில் தட்டினால் கீழ்வீட்டுக்காரருக்குக் கேட்கிறது. (புக்கிட் பாத்தோக்)

தரையில் வைத்துத் தட்டாதீர்கள். மேசையில், கால் இருக்கும் இடத்துக்கு நேர்மேலே, ரப்பர் பாய், அதன்மேல் கனமான இரும்புக்கட்டை, அதன்மேல் அடிக்கட்டை. இரும்பு இல்லாமல் ரப்பர் மட்டும் இருந்தால் அடியின் வேகத்தை அது விழுங்கிவிடும், ஐலெட் மடியாது. அடிக்கடி செய்பவர்கள் கையால் அழுத்தும் மேசை பிரஸ் வாங்கிவிடலாம். சத்தமே இல்லை, அழுத்தமும் நேராக இறங்கும். இடுக்கி வகை இந்த அளவுக்குச் சாய்ந்துவிடுகிறது.

கோணலாக அடித்ததை எப்படி எடுப்பது? (உட்லண்ட்ஸ்)

முன்பக்கத்திலிருந்து நெம்பாதீர்கள், துணி கிழியும். பின்பக்கம் திருப்பி, மடிந்த விளிம்பை எதிரெதிரே இரண்டு இடத்தில் கூர்மையான சின்னக் கட்டரால் கிள்ளி, மடிப்பை நிமிர்த்தினால் முன்பக்கமாகத் தானே கழன்று வரும். ஓட்டை தளர்ந்திருந்தால் பின்னால் தோல் வளையம் ஒட்டி, அரை மி.மீ பெரிய ஐலெட் போடுங்கள். அந்த வரிசை முழுவதையும் அதே அளவுக்கு மாற்றிவிடுங்கள், ஒன்று மட்டும் பெரிதாக இருந்தால் உடனே கண்ணில் படும்.