மைத்துனர் சொல்லும் வாடகையை நம்பி கேரவன் வாங்கலாமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். வீட்டில் நாலு பேர். குலதெய்வம் கோயில், கொல்லிமலை, கேரளா என்று வருடத்துக்கு 18 நாள் வெளியூர் போவோம். வாடகை வேன், டீசல் போக, நாளுக்கு 7,000 ரூபாய் ஆகிறது. புதுச்சேரியில் படுக்கை, கழிப்பறை வைத்து மாற்றிய 2014 டிராவலர் ஒன்று 11 லட்சத்துக்கு வருகிறது. கையில் 3 லட்சம் இருக்கிறது. மீதி 8 லட்சம் பர்சனல் லோன். 14 சதவீத வட்டி, 5 வருடம். “சும்மா நிற்கும்போது வாடகைக்கு விட்டா இ.எம்.ஐ. தானா வந்துடும்” என்கிறார் மைத்துனர். வாங்கலாமா?

பதில்: மைத்துனரின் அந்தக் கணக்கை முதலில் கிழித்துப் போடுங்கள். வெள்ளை நம்பர் பிளேட் வண்டியை, அதாவது சொந்த உபயோகத்துக்குப் பதிவானதை, வாடகைக்கு விடுவது சட்டப்படி தப்பு. சொந்த உபயோகத்துக்கான பாலிசியிலேயே வாடகை ஓட்டம் செல்லாது என்று எழுதியிருக்கும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி நஷ்டஈட்டைக் கட்டிவிட்டு, உங்களிடம் திருப்பிக் கேட்கலாம். ஆர்.சி. இருக்கப்போவது உங்கள் பெயரில், மைத்துனர் பெயரில் இல்லை. கேரவன் வாங்கி வாடகைக்கு விட்டால் மாதம் இவ்வளவு வரும் என்று இப்போது சுற்றும் விளம்பரங்கள் எதிலும் இதைச் சொல்வதில்லை.

வாடகை வராது என்று வைத்துப் பாருங்கள். இ.எம்.ஐ. சுமார் 18,600; வருடத்துக்கு 2.23 லட்சம். இன்சூரன்ஸ், சர்வீஸ், டயருக்கு ஒதுக்குவது என்று 50,000. மொத்தம் 2.73 லட்சம். 18 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 15,000-க்கு மேல்! இப்போது நீங்கள் வருடம் முழுக்கக் கொடுப்பதே 1.26 லட்சம்தான். இதில் 2014 வண்டியின் ஆர்.சி. 2029-ல் முடிகிறது. கடன் தீரும் முன்பே எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டிப் புதுப்பிக்க வேண்டும்.

அந்த வண்டியிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. படுக்கை, கழிப்பறை மாற்றத்தை ஆர்.டி.ஓ. அங்கீகரித்து ஆர்.சி.யில் ஏற்றியிருக்கிறார்களா? சீட் எண்ணிக்கை பழையபடியே இருந்தால் தொடவே வேண்டாம். புதுச்சேரிப் பதிவு வண்டியை கடலூரிலேயே வைத்து ஓட்டுவதென்றால் 12 மாதத்துக்குள் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி டி.என். பதிவுக்கு மாற்ற வேண்டும், இங்கே வரியும் கட்ட வேண்டும். விலை குறைவாகத் தெரிவதில் இதுவும் சேர்ந்திருக்கலாம்.

கடற்கரை ஊர் வண்டி என்பதால் அடியில் படுத்து, பின் பட்டை ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடத்தில் சேஸை (அடிச்சட்டத்தை) ஸ்க்ரூடிரைவரால் தட்டுங்கள். துரு செதிலாக உதிர்ந்தால் புது பெயின்டைப் பார்த்து ஏமாற வேண்டாம். கூரையில் ஏ.சி.க்கு வெட்டிய ஓட்டையைச் சுற்றி பிளைவுட்டை அழுத்துங்கள். மெத்தென்று இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. டயர் ஓரத்தில் 2319 என்றிருந்தால் அது 2019-ன் 23-வது வாரம் செய்தது. தண்ணீர்த் தொட்டியை நிரப்பி எடைமேடையில் ஏற்றி, ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையோடு ஒப்பிடுங்கள். 100 லிட்டர் தண்ணீரே 100 கிலோ.

உங்கள் பயணத்துக்கு இவ்வளவு பெரிய வண்டியும் தேவையில்லை. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. நீளமான, மேல்பாரம் கூடிய வண்டியில் அதை ஏறி இறங்குவது பெரும்பாடு. கழிப்பறைத் தொட்டியைக் காலி செய்யவும் வழியில் வசதி கிடைப்பது அபூர்வம்.

சொந்த வண்டிதான் வேண்டும் என்றால், கையிலுள்ள 3 லட்சத்துக்குள் பழைய மாருதி ஈகோ வேன் ஒன்று பாருங்கள். வண்டிக்கு 2.4 லட்சம், முதல் வருட ரிப்பேருக்கு 60,000. இரவு லாட்ஜில் தங்கிக்கொள்ளலாம். பர்சனல் லோன் விண்ணப்பத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால், போடாதீர்கள்.