சோதனைச் சாவடியில் அம்மாவைச் சோதிக்கும்போது படம் பிடிக்கலாமா?

கேள்வி: நான் அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் வேலை விசாவில் இருக்கிறேன். என் அம்மா சக்கர நாற்காலியில் பயணம் செய்பவர். முழங்கால் மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் என்பதால், விமான நிலையத்தில் அவரைப் பெரும்பாலும் கையால் தடவித்தான் சோதிக்கிறார்கள். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. சென்ற முறை நான் கைபேசியை எடுத்ததும், வரிசையில் நின்ற ஒருவர் "இங்கே படம் எடுப்பது குற்றம்" என்றார். பயந்து உள்ளே வைத்துவிட்டேன். அடுத்த மாதம் அம்மாவை டெக்சாஸில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அழைத்துப் போகிறேன். படம் எடுக்க எனக்கு உரிமை இருக்கிறதா?

பதில்: வரிசையில் நின்றவர் சொன்னது தவறு. இந்தச் சாவடிகளை நிர்வகிக்கும் டி.எஸ்.ஏ. என்ற கூட்டாட்சிப் பாதுகாப்புத் துறையே, சோதனைக்கு இடையூறு இல்லாமலும் பாதுகாப்பு ரகசியம் வெளிப்படாமலும் படம் எடுப்பதைத் தான் தடைசெய்யவில்லை என்று எழுத்தில் அறிவித்திருக்கிறது. சான்பிரான்சிஸ்கோ போன்ற சில விமான நிலையங்களில் தனியார் நிறுவன ஊழியர்கள் சோதிக்கிறார்கள். அங்கும் டி.எஸ்.ஏ. மேற்பார்வையில்தான் வேலை நடக்கிறது.

எது இடையூறு என்பதையும் அந்தத் துறை உதாரணங்களோடு சொல்லியிருக்கிறது. அதிகாரி பார்க்கவோ நகரவோ முடியாதபடி அவர் முகத்துக்கு நேரே கைபேசியை நீட்டுவது, நிற்கச் சொன்ன விதத்தில் நிற்க மறுப்பது, பின்னால் வருபவர்களின் வழியை அடைப்பது, கைபேசியையே சோதனைக்குத் தர மறுப்பது ஆகியவை இடையூறு. பொதுமக்கள் கண்ணில் படாதபடி மறைத்து வைத்திருக்கும் கருவித் திரைகளையும் படம் எடுக்கக்கூடாது. சோதனை ஊழியரைத் தடுப்பதும் மிரட்டுவதும் கூட்டாட்சி விதிப்படி அபராதத்துக்குரியவை. கை வைத்தால் அது சிறைக்குரிய குற்றம். எரிச்சலில் குரல் உயர்ந்தால்கூட அதை மிரட்டல் என்று எழுதிவிட இடம் உண்டு. அதனால்தான் அமைதியை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

உங்கள் கைபேசியும் எக்ஸ்ரே பெட்டிக்குள் போய் வர வேண்டும். அந்த நேரத்தில் அம்மாவைச் சோதிக்கத் தொடங்கிவிட்டால் உங்கள் கை வெறுங்கைதான். ஆகவே முன்கூட்டியே அதிகாரியிடம், "இவர் என் தாய், நான்தான் மொழிபெயர்க்க வேண்டும், நான் முதலில் கடந்து வந்துவிடுகிறேன்" என்று கேளுங்கள். அந்தப் பக்கம் போய்க் கைபேசியை எடுத்துக்கொண்டு, சுமார் பத்தடி தள்ளி நின்று, மார்பு உயரத்தில் எல்லோருக்கும் தெரியும்படி பிடியுங்கள். ஒளித்து எடுக்காதீர்கள். சில மாநிலங்களில் ரகசியமாகக் குரலைப் பதிவு செய்வது தனிக் குற்றமாகிவிடும். வெளிப்படையாகப் பதிவு செய்பவருக்கு அந்தச் சிக்கல் மிகக் குறைவு.

இதுவரை சொன்னது துறையின் அனுமதி. நீங்கள் கேட்டது உரிமையைப் பற்றி. அங்கேதான் நான் உங்களுக்கு முழு உண்மையையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பொது இடத்தில் கடமையாற்றும் காவலர்களைப் படம் எடுப்பது, பேச்சுரிமைக்கு அரணான அரசமைப்பின் முதல் திருத்தம் காக்கும் உரிமை என்று பல கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் தீர்ப்பளித்துள்ளன. பாஸ்டன் பூங்கா ஒன்றில் நடந்த கைதைப் படம் எடுத்தவர் வழக்கில் 2011-இல் வந்த தீர்ப்பு அவற்றில் முக்கியமானது. ஆனால் விமான நிலையச் சாவடி பூங்காவைப் போன்ற இடம் அன்று என்பது நீதிமன்றங்களின் தயக்கம். 2009 நவம்பரில் நியூ மெக்சிகோவின் அல்புகர்க்கி விமான நிலையத்தில், அடையாள அட்டை காட்டாமல் பயணம் செய்ய முயன்று, நடந்ததைப் படமும் பிடித்த ஒருவரைக் காவலர்கள் கைது செய்தார்கள். நான்கு குற்றச்சாட்டுகள். 2011 ஜனவரியில் ஜூரி நான்கிலிருந்தும் அவரை விடுவித்தது. அழிக்கப்பட்டிருந்த அவருடைய காணொளியை மீட்டெடுத்திருந்தார்கள். அதுதான் அவருக்குக் கைகொடுத்தது. பிறகு அவர் இழப்பீடு கேட்டுத் தொடுத்த வழக்கு 2015 டிசம்பரில் மேல்முறையீட்டில் தோற்றது. சாவடியில் படம் எடுக்கும் உரிமை அப்போது தெளிவாக நிலைநாட்டப்பட்டிருக்கவில்லை என்றார்கள் நீதிபதிகள்.

அடுத்தது 2019 ஜூனில் வர்ஜீனியாவின் ரிச்மண்ட் விமான நிலையத்தில் நடந்தது. குடும்பத்தோடு வந்த ஒருவர், தன் துணைவரைத் தடவிச் சோதிப்பதைச் சுமார் பத்தடி தள்ளி நின்று படம் எடுத்தார். நிறுத்து, அழி என்று சாவடி அதிகாரிகளிடமிருந்து உத்தரவு வந்தது. அவர் அவர்கள்மீது இழப்பீட்டு வழக்குத் தொடுத்தார். கீழ் நீதிமன்றம் 2021-இல் அவர் பக்கம் நின்று வழக்கைத் தொடர அனுமதித்தது. 2022 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. உரிமை இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்குள் அது போகவே இல்லை. சாவடி அதிகாரிமீது இத்தகைய இழப்பீட்டு வழக்கே தொடுக்க முடியாது என்று கதவைச் சாத்திவிட்டது. எனக்கு இது ஆழ்ந்த வருத்தம் தரும் தீர்ப்பு. உரிமை மீறப்பட்டவர் அதைச் சொல்லி நிற்க வேண்டிய வாசலையே அது மூடுகிறது.

ஆகவே, உங்களிடம் அனுமதி இருக்கிறது. அதை ஒருவர் மீறினால் பரிகாரம் பெறுவது கடினம். வேலை விசாவில் இருக்கும் உங்களுக்கு இன்னொன்றும் உண்டு. கைதாகி, வழக்கில் முழுமையாக விடுதலையானாலும், விசா விண்ணப்பமும் குடியுரிமை விண்ணப்பமும் "எப்போதாவது கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா" என்றுதான் கேட்கின்றன. டி.எஸ்.ஏ. சோதனை அதிகாரிக்குக் கைது செய்யும் அதிகாரம் கிடையாது. ஆனால் அவர் அழைத்தால் வரும் விமான நிலையக் காவலருக்கு உண்டு.

அதிகாரி நிறுத்தச் சொன்னால், "உங்கள் துறையின் விதி இதை அனுமதிக்கிறது, மேற்பார்வையாளரிடம் பேசலாமா" என்று ஒரே ஒரு முறை மரியாதையாகக் கேளுங்கள். பின்னால் போகச் சொன்னால் போங்கள். காவலர் வந்து நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுங்கள், வாதத்தைப் பிறகு எழுத்தில் வைத்துக்கொள்ளலாம். அழிக்கச் சொன்னால் மட்டும் "அழிக்க எனக்குச் சம்மதம் இல்லை" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கைது செய்யப்பட்டவரின் கைபேசியைத் திறந்து பார்க்கவே பொதுவாக நீதிமன்ற ஆணை வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2014 தீர்ப்பு. ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கும்போது நிற்கும் குடிவரவு, சுங்கப் பகுதியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே கைபேசியை எடுப்பதற்கே தடை உண்டு.

படம் எடுப்பதற்கு முன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த நிலையில் தன்னைப் படம் பிடிப்பது அவருக்குக் கூச்சமாக இருக்கலாம். சோதிப்பவர் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். தனி அறை கேட்கலாம். துணைக்கு ஒருவரை உடன் வைத்துக்கொள்ளவும் அவருக்கு உரிமை உண்டு. பயணத்துக்கு 72 மணி நேரம் முன்பே டி.எஸ்.ஏ. கேர்ஸ் என்ற உதவி மையத்தை அழைத்து, நாற்காலியையும் செயற்கை மூட்டையும் மொழிச் சிக்கலையும் சொல்லிவிடுங்கள். உதவிக்கு ஒருவரை ஏற்பாடு செய்யக் கேளுங்கள். என் கணிப்பில், கைபேசியைவிட இந்த அழைப்பு உங்கள் அம்மாவுக்கு அதிகம் பயன்படும்.

மீறி ஏதாவது நடந்துவிட்டால், வாயில் அருகே உட்கார்ந்த உடனே நேரம், சாவடி, அதிகாரியின் பெயர்ப்பட்டை எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். சாவடிக் கேமராப் பதிவைப் பாதுகாத்து வைக்கும்படி விமான நிலைய நிர்வாகத்துக்கும் டி.எஸ்.ஏ.வுக்கும் அன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். அம்மாவிடம் முறைகேடாக நடந்துகொண்டாலோ, உங்களைக் காரணமின்றித் தடுத்து வைத்தாலோ, அதிகாரிமீது அல்லாமல் கூட்டாட்சி அரசிடமே இழப்பீடு கோரும் மனுவை இரண்டு ஆண்டுகளுக்குள் தர வேண்டும். 2019-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றமும் பின்னர் வேறு சிலவும் இந்த வழியைத் திறந்து வைத்திருக்கின்றன. கட்டாயத்தால் காணொளியை அழித்திருந்தால் பதற வேண்டாம். ஐபோனில் அது பொதுவாக 30 நாட்கள் வரை "சமீபத்தில் நீக்கியவை" பகுதியில் இருக்கும். விமானம் ஏறுவதற்கு முன்பே மீட்டு, தங்கைக்கு ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள்.