"யாரிடமும் சொல்லாதே" என்றாள் மிஷனெரித் தோழி

கேள்வி: என் நெருங்கிய தோழி மூன்று ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டுக்கு மிஷனெரியாகப் போனாள். 36 வயது, திருமணம் ஆகவில்லை. எந்த நாடு என்று எழுத முடியாது. காணிக்கை அனுப்பி அவளைத் தாங்கும் சபைகளில் எங்கள் சபையும் ஒன்று. எங்கள் மிஷனெரிக் குழுவுக்கு நான்தான் செயலாளர். அவளுடைய ஜெபக் கடிதங்களில் எப்போதும் நல்ல செய்திதான் இருக்கும். ஆனால் போன மாதம் நள்ளிரவில் போன் செய்து அரை மணி நேரம் அழுதாள். மொழி இன்னும் வசப்படவில்லை, உடன் ஊழியம் செய்த குடும்பம் ஊர் திரும்பிவிட்டது, தூக்கமே இல்லை, ஜெபிக்கவும் முடியவில்லை என்றாள். "திரும்பி வந்துவிடலாம் போலிருக்கிறது. ஆனால் யாரிடமும் சொல்லாதே, சொன்னால் என்னைத் தாங்குவதை நிறுத்திவிடுவார்கள்" என்றாள். அடுத்த மாதம் குழுக் கூட்டம். "மூன்று வருஷத்தில் எத்தனை பேர் இரட்சிக்கப்பட்டார்கள்?" என்று ஒரு மூப்பர் ஏற்கெனவே கேட்டுவிட்டார். மறைத்தால் சபைக்குத் துரோகம், சொன்னால் தோழிக்குத் துரோகம். அடுத்த முறை அவள் பேசும்போது நான் என்ன பேசுவது என்றுகூடத் தெரியவில்லை.
- பெயர் வெளியிட விரும்பாத சகோதரி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கூட்டத்தைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் நான் ஒன்று கேட்க வேண்டும். அந்த அரை மணி நேரத்தில் உங்கள் தோழி சாவைப் பற்றி ஏதாவது சொன்னாரா? "நான் இல்லாமல் போனால் நல்லது", "காலையில் கண் விழிக்கவே கூடாது என்று தோன்றுகிறது" என்பதுபோல் ஏதாவது? நினைவில்லை என்றால் இன்றே போன் செய்து நேராகக் கேளுங்கள். "உனக்குச் செத்துப்போகலாம் என்று எண்ணம் வருகிறதா?" என்று அந்த வார்த்தையிலேயே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதே பலருக்கு மூச்சு விட இடம் கொடுக்கும். ஆம் என்று சொன்னால் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்ற வாக்கு அந்த நிமிஷமே முடிந்தது. அவரை அனுப்பிய ஸ்தாபனத்தின் பொறுப்பாளருக்கும் அதே ஊரில் அவர் அருகில் இருக்கும் ஒருவருக்கும் உடனே சொல்லுங்கள். அவர் பக்கத்தில் ஒரு ஆள் வந்து சேரும்வரை போனை வைக்காதீர்கள். கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும், பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம்.

அப்படி எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டே மேலே எழுதுகிறேன்.

தூக்கமில்லை, ஜெபிக்க முடியவில்லை என்று ஒரு மிஷனெரி சொன்னால் நம் சபைகளில் அதை ஆவிக்குரிய தளர்ச்சி என்று உடனே பெயரிட்டுவிடுகிறோம். வேதாகமத்தில் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று வேண்டினபோது தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். சாப்பிட்டார், தூங்கினார், திரும்பவும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். கர்த்தர் அவரோடு பேசியது அதற்குப் பிறகு, வெகுதூரம் நடந்தபின். அந்த வரிசையை நாம் மாற்ற வேண்டாம்.

ஆகவே அவர் முதலில் பார்க்க வேண்டியது ஒரு டாக்டரை. பல வாரமாகத் தூக்கம் கெடுவது, எதிலும் மனம் ஒட்டாதது, காரணமில்லாத அழுகை, இவையெல்லாம் மனச்சோர்வு நோயின் அடையாளங்களாக இருக்கலாம். அதற்கு மருந்தும் ஆலோசனையும் உண்டு. இரத்தசோகையோ தைராய்டோ காரணமாக இருக்கலாம். இன்னொன்றும் கேளுங்கள்: மலேரியா உள்ள பகுதி என்றால் தடுப்புக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறார்? மெஃப்ளோகுயின் என்ற மாத்திரை சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும், கெட்ட கனவும் பதற்றமும் மனச்சோர்வும் உண்டாக்கும். 2013-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதன் அட்டையில் மிகக் கடுமையான எச்சரிக்கையைப் போட வைத்தது. அந்த மாத்திரைதான் என்றால், தானாக நிறுத்தாமல், டாக்டரிடம் சொல்லி வேறு மாத்திரைக்கு மாறலாம். விசுவாசக் குறைவு என்று நினைத்து ஒருவர் மாதக்கணக்கில் தன்னையே நொந்துகொண்டிருக்க, காரணம் மாத்திரை டப்பாவில் இருந்தால் எவ்வளவு வேதனை, பாருங்கள்.

பர்மாவுக்குப் போன அதோனிராம் ஜட்சனை உங்கள் தோழிக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். அவருடைய வெற்றியைத்தான் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். போர்க்காலத்தில் சிறையில் வதைபட்டு வெளியே வந்த சில மாதங்களில், 1826-இல், மனைவி ஆன் இறந்துபோனார். ஆறு மாதத்தில் குழந்தையும் போனது. அதன்பின் அவர் மனிதர்களை விட்டு விலகிக் காட்டுக்குள் ஒரு குடிசையில் தனியே இருந்தார். தனக்கென்று ஒரு குழியை வெட்டி அதன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். தேவனைத் தேடியும் காணவில்லை என்கிற பொருளில் வீட்டுக்குக் கடிதமும் எழுதினார். அதே மனிதர்தான் 1834-இல் பர்மிய மொழியில் வேதாகமம் முழுவதையும் மொழிபெயர்த்து முடித்தார். இதைச் சொல்லி, "நீயும் எழுந்துவிடுவாய்" என்று அவரைத் தட்டிக்கொடுக்கச் சொல்லவில்லை. அந்தக் குழியோரம் பெரியவர்களும் உட்கார்ந்த இடம்தான், அங்கே உட்கார்ந்ததற்கு வெட்கப்பட வேண்டாம் என்பதை மட்டும் அவருக்குச் சொல்லுங்கள்.

சரி, மூப்பரின் கேள்விக்கு வருவோம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு மிஷனெரிக் குழுவில் இருந்தேன். விடுப்பில் வந்த ஒரு தம்பதியிடம் இதே கேள்வியைக் கேட்டேன். அந்த அம்மாளின் முகம் சுருங்கியதை இன்றும் மறக்க முடியவில்லை. அவர்கள் போய்ச் சேர்ந்து இரண்டு ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை. கேட்டிருக்கக் கூடாது.

கூட்டத்தில் யாராவது அப்படிக் கேட்டால் பழைய மிஷனெரிகளின் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். வில்லியம் கேரி வங்காளத்துக்கு வந்தது 1793 நவம்பரில். அங்கே முதல் விசுவாசியான கிருஷ்ண பால் ஞானஸ்நானம் எடுத்தது 1800 டிசம்பர் கடைசியில். ஏழு ஆண்டு. ராபர்ட் மாரிசன் 1807-இல் சீனாவில் இறங்கினார், முதல் ஞானஸ்நானம் 1814-இல். ஜட்சன் 1813-இல் ரங்கூன் சேர்ந்தார், முதல் விசுவாசி 1819-இல். மூன்று ஆண்டுக் கணக்கு கேட்கும் குழு ஒன்று அன்று இருந்திருந்தால் இந்த மூவரையும் திரும்ப அழைத்திருக்கும்.

மொழி விஷயமும் அப்படித்தான். தன் அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்கும் அமெரிக்க வெளியுறவுத் துறை நிலையம், ஆங்கிலம் பேசுகிறவர் சீனம், அரபு, ஜப்பானியம், கொரியம் போன்றவற்றில் வேலைக்குப் போதுமான திறமை பெற 88 வாரம், 2,200 வகுப்பு மணி நேரம் வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறது. அதுவும் வேறு வேலை இல்லாமல், சம்பளத்தோடு, முழு நேரமும் உட்கார்ந்து படிப்பவர்களுக்கு. விசாவுக்காக ஒரு வேலை, வீட்டு வேலை, ஊழியக் கூட்டங்கள், நடுநடுவே ஜுரம் என்று தனியாக வாழும் ஒரு பெண்ணுக்கு மூன்று ஆண்டில் மொழி திக்கினால் அது சோம்பல் இல்லை. புதிய மொழியில் முப்பத்தாறு வயதுக்காரர் ஐந்து வயதுக் குழந்தைபோல் பேச வேண்டியிருக்கிறது. ஊரில் வேதபாடம் எடுத்தவர், எல்லாரும் ஆலோசனை கேட்டு வந்தவர், அங்கே கடைக்காரர் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார். அந்தச் சிறுமை நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஆளை அரித்துவிடும். இதற்கு நடுவே, தன் மொழியில் பேச இருந்த ஒரே குடும்பமும் போய்விட்டது.

ஜெபக் கடிதங்களில் நல்ல செய்தி மட்டும் வருகிறது என்கிறீர்கள். அப்படி எழுத அவர்களைப் பழக்கியது கடிதத்தைப் படிக்கிற நாம்தான். சோர்ந்திருக்கிறேன் என்று எழுதினால் காணிக்கை குறையும், அல்லது நூறு பேர் நூறு வசனம் அனுப்புவார்கள். எந்த நாடு என்று இங்கே எழுதாமல் விட்டதற்கும் நன்றி. வாட்ஸ்அப் ஜெபக்குழுவில் ஊர் பேர் போட்டுப் பகிர்ந்து, அதனால் விசா இழந்து வெளியேறியவர்களும் உண்டு.

இனி ரகசியம். அவர் செயலாளருக்குப் போன் செய்யவில்லை, தோழிக்குச் செய்தார். தோழியிடம் அழுததை எழுதி வைத்துக் குழுவில் வாசிக்கும் கடமை உங்களுக்கு இல்லை. அது சபைக்குத் துரோகமும் இல்லை. ஆனால் "அவர் நன்றாக இருக்கிறார்" என்று வாய் திறந்து சொல்லவும் முடியாது, அது பொய். இந்த இரண்டுக்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது. உடன் ஊழியர் குடும்பம் திரும்பியது ஜெபக் கடிதத்திலேயே வந்திருந்தால், அதை வைத்துப் பேசலாம். "அவர் இப்போது தனியாக இருக்கிறார். மூன்று ஆண்டு ஆகிறது. நம் பக்கத்திலிருந்து இதுவரை யாரும் போய்ப் பார்க்கவில்லை. பக்குவமான இரண்டு பேரைப் பத்து நாள் அனுப்பலாமா, பிரசங்கத்துக்கு அல்ல, சும்மா கூட இருக்க?" என்று கேளுங்கள். இதில் எந்த ரகசியமும் உடையவில்லை.

அதோடு பெயர் சொல்லாமல் ஒரு பொதுத் தீர்மானமும் கொண்டுவாருங்கள்: நாம் தாங்கும் எந்த மிஷனெரியும் உடல்நலத்துக்காகவோ ஓய்வுக்காகவோ திரும்பி வந்தால், குறைந்தது ஆறு மாதம் தாங்குதல் குறையாமல் தொடரும். எல்லா மிஷனெரிகளுக்கும் இப்படி ஒரு விதி வேண்டும்தானே? அவருடைய வாயைக் கட்டி வைத்திருப்பது காணிக்கை நின்றுபோகும் என்ற பயம். தீர்மானம் நிறைவேறினால் முதலில் அவருக்குச் சொல்லுங்கள். அதன்பின் அவரே பேச முன்வருவார் என்பது என் எண்ணம். அப்போதும் தயங்கினால், அனுப்பிய ஸ்தாபனத்தில் மிஷனெரிகளின் நலம் பார்ப்பவர் யார் என்று கேட்டு, "அவரிடம் மட்டும் சொல்லலாமா? நானும் லைனில் இருக்கிறேன்" என்று அனுமதி கேளுங்கள். இவ்வளவு தொலைவில் இருக்கும் நீங்கள் ஒருவரே இதைச் சுமந்தால் நீங்களும் விழுந்துவிடுவீர்கள்.

திரும்பி வருவது தோல்வியா என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை. ஆனால் உங்கள் கடிதம் முழுவதும் அந்தப் பயம் இருக்கிறது. ஹட்சன் டெய்லர் 1860-இல் உடல் நொறுங்கி சீனாவிலிருந்து வீடு திரும்பினார். ஐந்து ஆண்டு இங்கிலாந்தில் இருந்தார். அந்த ஐந்து ஆண்டின் முடிவில், 1865-இல், சீன உள்நாட்டு மிஷன் பிறந்தது. வேதாகமத்தில், பவுலோடும் பர்னபாவோடும் ஊழியத்துக்குப் போன மாற்கு பாதி வழியில் எருசலேமுக்குத் திரும்பினார். அவரைச் சேர்த்துக்கொள்வதா என்று பவுலும் பர்னபாவும் சண்டை போட்டுப் பிரிந்தார்கள். கடைசியில் சிறையிலிருந்து அதே பவுல், மாற்கைக் கூட்டிக்கொண்டு வா, அவன் எனக்குப் பயன்படுவான் என்று எழுதினார். திரும்பி வந்து, மறுபடி போகாமலே நிறைவாக வாழ்ந்தவர்களும் இருக்கிறார்கள். அதுவும் நல்லதுதான்.

லாட்டி மூனை நினைத்தால் எனக்கு மனம் கனக்கும். அமெரிக்காவிலிருந்து 1873-இல் சீனாவுக்குப் போன தனிப்பெண். ஏறக்குறைய நாற்பது ஆண்டு உழைத்தார். மிஷனெரிகளுக்கு முறையான ஓய்வு விடுப்பு வேண்டும் என்று தாய்நாட்டுக்குக் கடிதமேல் கடிதம் எழுதினார். பஞ்ச காலத்தில் தன்னிடம் இருந்ததைக் கொடுத்துக்கொடுத்து உடல் எலும்பும் தோலுமாகி, கடைசியில் சக ஊழியர்கள் கப்பலேற்றி அனுப்பிவைத்தார்கள். 1912 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஜப்பானின் கோபே துறைமுகத்தில் கப்பலிலேயே இறந்தார். அவர் பெயரில் இன்றும் ஆண்டுதோறும் காணிக்கை எடுக்கிறார்கள். அந்தத் தியாகத்தை நானும் வணங்குகிறேன். ஆனால் இன்னும் சில மாதம் முன்னால் யாராவது கப்பலேற்றியிருக்கக் கூடாதா என்றுதான் ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது. உங்கள் தோழிக்கு அந்த "முன்னால்" இப்போது உங்கள் கையில் இருக்கிறது.

வருவதென்று முடிவானால், முதல் ஞாயிறே மைக்கைக் கையில் கொடுத்து சாட்சி சொல்ல வைக்காதீர்கள். ஒரு மாதம் மேடையே வேண்டாம். தங்க ஒரு வீடு, டாக்டர், பழைய சிம் கார்டைத் திரும்ப உயிர்ப்பிக்க ஒரு ஆள், இவைதான் அவருக்குத் தேவை. முடிவை மட்டும் தூக்கமில்லாத இரவில் எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். டாக்டரைப் பார்த்து, இரண்டு மூன்று வாரம் ஊழியத்தை விட்டு விலகி ஓய்வெடுத்து, அப்புறம் முடிவு செய்யட்டும்.

அடுத்த போனில் என்ன பேசுவது என்று கேட்டீர்கள். ஊழியம் எப்படிப் போகிறது என்று கேட்கவே வேண்டாம். இன்று என்ன சாப்பிட்டாய், நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்று கேளுங்கள். ஜெபிக்க முடியவில்லை என்றால், "சரி, இந்த மாதம் உனக்காக நான் ஜெபித்துக்கொள்கிறேன், நீ சும்மா இரு" என்று சொல்லுங்கள். உங்கள் வீட்டுக் கதைகளைச் சொல்லுங்கள், பள்ளிக்கூட நாட்களில் சிரித்ததையெல்லாம் பேசுங்கள். அழுதால் அழட்டும், அவசரப்பட்டு வசனம் சொல்ல வேண்டாம். போனை வைக்கும் முன் அடுத்து எந்தக் கிழமை, எத்தனை மணிக்குப் பேசுவீர்கள் என்று சொல்லிவிட்டு வையுங்கள். அந்த நேரத்துக்கு அவர் எடுக்காவிட்டால், எடுக்கும்வரை அடியுங்கள்.