தோட்டச் சரிவில் மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டு போகிறது. கூழாங்கல் கொட்டினால் நிற்குமா?

நிற்காது. உங்கள் வீட்டிலும் மொட்டைமாடித் தண்ணீர் முழுக்க ஒரே குழாய் வழியாகச் சரிவில்தான் விழுகிறது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். கூழாங்கல் பார்க்க அழகு, அவ்வளவுதான். வேகமாக வரும் தண்ணீரில் உருண்டு கீழே போய்ச் சேரும். கோணல்மாணலாக உடைத்த கருங்கல்தான் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நிற்கும்.

ஆனால் கல்லைவிட முக்கியம் அதன் அடியில் என்ன இருக்கிறது என்பது. இதைச் சொல்லி எங்கள் வீட்டில் நான் பட்ட பாடு! ஜியோடெக்ஸ்டைல் என்ற செயற்கை இழைத் துணியை விரித்து, மேலே கொஞ்சம் ஜல்லி பரப்பி, அப்புறம் கல் அடுக்குங்கள் என்றேன். மேஸ்திரி சிரித்தார். மச்சான் ஒரு படி மேலே போய், "மண்ணுக்குப் பட்டுப்புடவையா?" என்றார். மேல் பாதியை நான் பக்கத்தில் நின்று செய்ய வைத்தேன். வெளியே போய்விட்டு வருவதற்குள் கீழ்ப் பாதியில் துணியே இல்லாமல் கல்லைக் கொட்டிவிட்டார்கள். மழைக்காலம் முடிவதற்குள் அங்கே கற்கள் அங்கங்கே உள்வாங்கிவிட்டன. ஒன்றைப் புரட்டினால் அடியில் முழங்கை வரை போகும் பொந்து. கல்லைத் தண்ணீர் அடித்துப் போகவில்லை. இடுக்குகள் வழியே அடிமண்தான் கரைந்து போயிருந்தது. அந்தத் துணி தண்ணீரை விட்டுவிடும், மண்ணைப் பிடித்துக்கொள்ளும். இப்போது மச்சான் ஊரெல்லாம் துணியின் அருமையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார், ஏதோ அவர் யோசனை மாதிரி.

துணிக்குப் பதில் தார்ப்பாய் போடலாமா என்று கேட்காதீர்கள். அதன் மேல் கல் வழுக்கும்.

கல்லின் அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். தண்ணீரின் வேகம் 2 மடங்கானால் அது நகர்த்தக்கூடிய கல்லின் விட்டம் ஏறக்குறைய 4 மடங்காகும், எடை 64 மடங்காகும். அதனால் குழாய் வாய்க்கு நேர் கீழே இருப்பதிலேயே பெரிய கற்கள். மற்ற இடங்களில் பெரிசும் சிறிசும் கலந்து. முதலில் மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு, கல்லின் மேல்மட்டம் தரையைவிடச் சற்றுத் தாழ்ந்து, நடுவில் குழிவாக இருக்கும்படி அடுக்குங்கள். தரைக்கு மேல் குவித்தால் தண்ணீர் பக்கத்தில் புதுசாக ஒரு வாய்க்கால் வெட்டிக்கொள்ளும்.

சிவில் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். இதெல்லாம் வீட்டுத் தோட்டத்துக்கு மட்டும். ஆற்றங்கரைக்கு முறையாகக் கணக்குப் போட ஆள் வேண்டும். சிமெண்ட் பூசச் சொல்பவர்களுக்கு: அடியில் மண் போவது வெளியே தெரியாது, ஒரு நாள் மொத்தமாக உடைந்து விழும். சும்மா அடுக்கிய கல் மண்ணோடு சேர்ந்து இறங்கிக்கொடுக்கும்.

இத்தனையும் செய்த பிறகு எனக்கு மிச்சமிருக்கும் தலைவலி தண்ணீர் இல்லை, மனிதர்கள். வண்டிச் சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்க என் கல்தான் கிடைக்கிறது. கேட்டால், "இவ்வளவு கிடக்கே, ஒண்ணுதானே எடுத்தேன்" என்கிறார்கள். அந்த ஒன்றும் எப்போதும் குழாய் வாயடிக் கல்தான். அதுதானே பெரிசு!