பழைய ஷூர் கார்ட்ரிட்ஜுக்கு எந்த ஊசியை வாங்குவது?

கேள்வி: என் பெரியப்பா விட்டுச் சென்ற டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 எம்.கே.2 டர்ன்டேபிளில் ஷூர் நிறுவனத்தின் வி15 டைப் 3 கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கி, அதன் அசைவை மின்னலையாக மாற்றும் சிறு பெட்டி) இருக்கிறது. எல்.பி. தட்டின் கடைசிப் பாடல்களில் ‘ச’, ‘ஷ’ ஒலிகள் கரகரக்கின்றன. இணையத்தில் ஒருவர் பெட்டி பிரிக்காத அசல் ஷூர் ஊசியைப் பெருந்தொகைக்கு விற்கிறார். இன்னொருவர் அதற்குப் பொருந்தும் ஊசி என்று ஒன்றை மிக மலிவாகத் தருகிறார். எதை வாங்கலாம்? அல்லது கார்ட்ரிட்ஜையே மாற்றிவிடலாமா?

பதில்: இவ்விரண்டில் எதையும் வாங்க வேண்டாம்.

முதலில் பெட்டி பிரிக்காத ஊசியைப் பார்ப்போம். வைரமுனை பயன்படுத்தினால்தான் தேயும். ஆனால் அம்முனையைத் தாங்கும் மெல்லிய தண்டின் அடியில் இருக்கும் சிறு ரப்பர், பெட்டியைத் திறக்காவிட்டாலும் ஆண்டுக்கு ஆண்டு இறுகிக்கொண்டோ இளகிக்கொண்டோதான் இருக்கும். டைப் 3 சந்தைக்கு வந்தது 1973-இல். அதற்குரிய வி.என். 35 இ என்ற அசல் ஊசி இன்று கிடைத்தால் அது பல பத்தாண்டுகள் கிடங்கில் கிடந்த சரக்காகத்தான் இருக்கும். கார்ட்ரிட்ஜ், ஊசி உற்பத்தியை முற்றிலும் நிறுத்துவதாக ஷூர் 2018-இல் அறிவித்துவிட்டதால், புதிதாகச் செய்த அசல் என்று யாராவது சொன்னால் அதை நம்ப வேண்டியதில்லை. ரப்பரின் நிலையைப் புகைப்படத்தில் காண முடியாது என்பது தெரிந்தும், ‘அசல்’ என்ற ஒரு சொல்லுக்காகப் பெருந்தொகை கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மலிவான ஊசியின் குறை வேறு வகையானது. வி15 டைப் 3-இன் சிறப்பே, 0.75 முதல் 1.25 கிராம் வரையிலான மிகக் குறைந்த அழுத்தத்தில் தட்டின் வரியை, அதாவது ஒலி பதிந்த பள்ளத்தை, பிடித்துச் செல்வதுதான். விலை குறைந்த மாற்று ஊசிகள் பலவற்றில் முனை உருண்டையாகவும் தண்டு தடிமனாகவும் இருப்பதால், அவற்றுக்குக் கூடுதல் அழுத்தம் தேவைப்படுகிறது. தட்டின் உள்வட்டங்களில் ஒலியலைகள் நெருங்கிக் கிடக்கும். உருண்டை முனையால் அந்த நெருக்கத்துக்குள் இறங்க முடியாது. நீங்கள் குறிப்பிடும் கரகரப்பு அந்த இடத்தில்தான் எழுகிறது என்பதால், அந்தச் செலவு உங்கள் குறையைத் தீர்க்காது.

ஆகவே, பழைய கார்ட்ரிட்ஜை வைத்துக்கொண்டு, அதற்கென இக்காலத்தில் புதிதாகச் செய்யப்படும் தரமான ஊசியை வாங்குவதே சரி. ஜப்பானின் ஜிகோ நிறுவனம் ஷூர் கார்ட்ரிட்ஜுகளுக்கு இத்தகைய ஊசிகளைச் செய்கிறது, எஸ்.ஏ.எஸ். எனப்படும் அதன் கூர்நுண் முனை விலை கூடியதானாலும் உள்வட்டத் தெளிவில் அந்த விலைக்குத் தகுதியானது.

பணம் செலவழிப்பதற்கு முன் இரண்டு சோதனைகளைச் செய்யுங்கள். கார்ட்ரிட்ஜ் தவறாகப் பொருத்தப்பட்டிருந்தாலும் உள்வட்டத்தில் இதே கரகரப்பு வரும் என்பதால், ஊசிமுனைக்கும், டோன் ஆர்ம் எனப்படும் கையில் சென்று சேரும் ஹெட்ஷெல்லின் (கார்ட்ரிட்ஜைப் பொருத்தும் கூட்டின்) ரப்பர் வளையத்துக்கும் இடையே 52 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று முதலில் அளந்து பாருங்கள். டெக்னிக்ஸ் வகுத்த அளவு அது. பின்னர் ஊசியைக் கழற்றிவிட்டு, கார்ட்ரிட்ஜின் பின்புறமுள்ள வெள்ளை-நீல இணைப்புகளுக்கு இடையிலும் சிவப்பு-பச்சை இணைப்புகளுக்கு இடையிலும் மல்டிமீட்டரால் மின்தடையை அளக்க வேண்டும். இரு பக்கமும் ஏறக்குறைய 1350 ஓம் காட்டினால் கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் கம்பிச் சுருள்கள் நலமாக உள்ளன. ஒரு பக்கம் இணைப்பே இல்லையென்றால் எந்த ஊசியை வாங்கியும் பயனில்லை.

அந்த நிலை வந்தால் மட்டும் கார்ட்ரிட்ஜை மாற்றுங்கள். டோன் ஆர்மின் செயல் எடையும் (ஊசி உணரும் அதன் எடை) கார்ட்ரிட்ஜின் எடையும் ஊசியின் நெகிழ்வும் (தண்டு எவ்வளவு எளிதாக அசைகிறது என்பது) சேர்ந்து, அவை தாமாக அதிரும் ஓர் அதிர்வெண்ணை உண்டாக்குகின்றன. அது 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் அமைவது நல்லது. உங்கள் ஆர்மின் செயல் எடை 12 கிராம். 7.2 கிராம் எடையும் 20 என்ற நெகிழ்வும் கொண்ட ஆர்டோஃபான் 2எம் ரெட் அதில் ஏறத்தாழ 8 ஹெர்ட்ஸில் அமைகிறது. உங்கள் ஷூர் இன்னும் நெகிழ்வானது. அது 7 ஹெர்ட்ஸை ஒட்டி நிற்கும் என்பதால், வளைந்த தட்டுகளை அதில் ஓட்டும்போது கவனம் தேவை. பலரும் புகழும் டெனான் டி.எல். 103 இந்த ஆர்முக்கு நன்றாகப் பொருந்தும். எனினும் அதன் வெளியீடு 0.3 மில்லிவோல்ட் மட்டுமே என்பதால் தனிப் பெருக்கி தேவைப்படும். ஊசி தேய்ந்தால் நீங்களே கழற்றி மாற்றவும் முடியாது. அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகே அதைப் பற்றி யோசியுங்கள்.

இன்னொன்றும் உண்டு. வி15 டைப் 3-க்கு, கேபிளும் ஆம்ப்ளிஃபையரும் சேர்ந்து 400 முதல் 500 பிகோஃபாரட் வரை மின்தேக்கம் வேண்டும் என்று ஷூர் குறித்திருக்கிறது. இன்றைய ஃபோனோ ஆம்ப்ளிஃபையர்கள் (டர்ன்டேபிளுக்கான பெருக்கிகள்) பலவற்றில் அது குறைவாக இருப்பதால், புதிய ஊசியின் ஒலி சரியில்லை என்று முடிவெடுக்கும் முன் அதையும் பாருங்கள்.

வாங்கும்போது முனையின் வடிவம், அழுத்த அளவு, தயாரிப்பு நாடு ஆகியவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். ரசீதும் திருப்பிக் கொடுக்கும் வசதியும் இல்லாத இடத்தில் வாங்காதீர்கள்.

கேள்வி: அதே ஊசியால் பெரியப்பாவின் 78 வேகத் தட்டுகளையும் கேட்கலாமா?

பதில்: கூடாது. உங்கள் டர்ன்டேபிள் 33⅓, 45 ஆகிய இரு வேகங்களில் மட்டுமே சுழலும். அரக்குத் தட்டின் வரி அகலமானதால் அதற்குச் சுமார் 75 மைக்ரான் ஆரமுள்ள முனை வேண்டும், எல்.பி. ஊசி அந்த வரியின் அடியில் உரசிச் சென்று இரைச்சலையே எழுப்பும். அவற்றுக்கு 78 வேகமுள்ள வேறொரு டர்ன்டேபிளும் அதற்கென்றே ஒரு ஊசியும் தேவை.